மண்ணாங்கட்டியைக் கொன்றவன்

பாலவாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்கூட்டரை நிறுத்த நிழல் கிடைப்பது கஷ்டம். கடற்கரைக்கு வருகிறவர்கள் மரத்தடிகளையெல்லாம் முன்னாலேயே பிடித்துவிடுவார்கள். வெயிலில் விட்டால் சீட்டு கொதிக்கும். திரும்பும்போது என் மனைவி அன்புக்கரசி துப்பட்டாவை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் உட்காருவாள். நான் ஆண்பிள்ளை என்பதால் நேரடியாக உட்கார்ந்து சுட்டுக்கொள்வேன். அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் நான் மண்ணாங்கட்டியைக் கொன்றேன்.

பதற வேண்டாம். மண்ணாங்கட்டி ஒரு பூதம். டாக்டர் ரூபீனாவின் வாயைத் தவிர வேறெங்கும் அது உயிரோடு இருந்ததில்லை.

விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்களுக்குக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். நாம் என்ன செய்யப்போகிறோம் என்பதை வாயால் சொல்ல வேண்டும், அது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். எங்களுக்குக் கதை நடத்துபவர் ரூபீனா. அடையாறில் பல் மருத்துவமனை வைத்திருப்பவர். விளையாட்டு அவருடைய பாலவாக்கம் வீட்டில். அவர் கணவர் உபைத் திருடன் வேஷம். அன்புக்கரசி வைத்தியச்சி. டில்லிபாபு மந்திரவாதி. நான் புனித வீரன். என் பெயர் வீரகேது. ஏழடி உயரம், வெள்ளிக் கவசம், அநியாயத்தைக் கண்டால் ஒளிவிடும் வாள்.

நிஜத்தில் என் பெயர் தமிழ்மாறன். நாற்பத்துநாலு வயது, தொப்பை, காலையில் ரத்த அழுத்த மாத்திரை. "குதிரையில் பாய்ந்து ஏறுகிறேன்" என்று அறிவிக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் ரூபீனா வீட்டுக் குட்டித் தலையணை ஒன்று இருக்கும். சிரிக்கலாம். நானே சிரித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

வேலை அண்ணா சாலையில், நந்தனத்தைத் தாண்டி, ஒரு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில். வாடிக்கையாளர்கள் திட்டி எழுதுவார்கள், நாங்கள் வருத்தம் தெரிவிப்போம். "தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு மனப்பூர்வமாக வருந்துகிறோம்" என்ற வாக்கியம் என்னுடையது. அதற்கு முன்பு வெறும் "வருந்துகிறோம்"தான் இருந்தது. "மனப்பூர்வமாக" நான் சேர்த்தது. அதற்காக ஆண்டுவிழாவில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மன்னிப்பு என்பது எப்படித் தயாராகிறது என்று எனக்குத் தெரியும். ஹோட்டலில் வேலை செய்கிறவன் வெளியே சாப்பிடத் தயங்குவதில்லையா, அதுபோல.

டில்லிபாபு நந்தனம் மைதானத்தில் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறவர். தொப்பையைக் குறைக்க நான் அங்கே நடக்கப் போய், சில நாளிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, ஓடிப் போய் ஐஸ் வாங்கிவந்து துணியில் சுற்றிக் கட்டியவர். சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் வளர்ந்தவர். அங்கே வீடுகளை எடுத்தபோது ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்ட குடும்பம். என்னைவிட இளையவர், என்னை அண்ணா என்பார். அவரை இந்த விளையாட்டுக்கு அழைத்து வந்ததே நான்தான். நல்லதை யார் செய்தாலும் சொல்ல வேண்டும், நான் செய்திருந்தாலும்.

கதைக்கு வருகிறேன். ஆற்றுப் பாலத்துக்கு அடியில் பூதங்கள் தங்கியிருக்கின்றன, ஆடுகளைத் திருடுகின்றன, அவற்றை அப்புறப்படுத்த வேண்டும் என்று ஓர் ஊர்த் தலைவர் எங்களைக் கேட்டுக்கொண்டார். அப்புறப்படுத்தினோம். சண்டை எங்கள் பக்கம் சாய்ந்ததும் மிச்சமிருந்த மூன்று பூதங்கள் ஈட்டிகளைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டன. ஒன்று பேசியது. ரூபீனா குரலைக் கனமாக்கிக்கொண்டு, "உட்டுடு சாமி, நாங்க ஆத்துக்கு அந்தாண்ட போயிடறோம்" என்றார்.

டில்லிபாபு சிரித்தார். "இன்னா டாக்டர், நாங்க மந்திரவாதிலாம் புத்தகம் மாதிரி பேசணும், பூதம்னா மட்டும் எங்க ஏரியா பாஷையா?"

ரூபீனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. யோசிக்காமல் செய்துவிட்டதாகவும் மாற்றிக்கொள்வதாகவும் சொல்லி மன்னிப்புக் கேட்டார். டில்லிபாபு கையை ஆட்டிவிட்டு, "அட உடுங்க டாக்டர், நல்லாத்தான் கீது. அப்டியே பேசட்டும்" என்றார். அதோடு முடிந்தது. ஒரு மனிதர் மன்னிப்புக் கேட்கிறார், இன்னொருவர் விட்டுவிடுகிறார், இருவரும் அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். நான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விசாரணையே இல்லை.

பிறகு டில்லிபாபு பூதத்தின் பேரைக் கேட்டார். ரூபீனா பேர் எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததை, மண்ணாங்கட்டி என்று சொன்னார். எல்லாரும் சிரித்தோம். டில்லிபாபுதான் அதிகம் சிரித்தார். "எங்க பெரியப்பா பேரு டாக்டர் அது. முன்னாடி பொறந்ததெல்லாம் தங்கலன்னு வெச்ச பேரு. அவுரு எழுவத்தஞ்சு வயசு வரிக்கும் இருந்தாரு."

பூதங்களைக் கொன்றுவிட வேண்டும் என்று நான் சொன்னேன். வெறியில் சொல்லவில்லை, காரணங்களோடு சொன்னேன். விதிப்புத்தகத்தில் அந்த இனத்தின் இயல்பு தீயது என்று அச்சிட்டிருக்கிறது. விட்டால் வேறு ஊரில் ஆடு திருடும். முக்கியமாக, தோற்றுக்கொண்டிருந்ததால் சரணடைந்ததே தவிர, திருந்தியதால் அல்ல.

"தோத்தாதானணா சரணடைய முடியும். ஜெயிக்கறவன் எதுக்கு சரணடையப் போறான்?" என்றார் டில்லிபாபு.

ஓட்டெடுத்தோம். எனக்கு என் ஓட்டு மட்டும்தான் விழுந்தது. அன்புக்கரசியும் கையைத் தூக்கவில்லை. இரண்டு பூதங்கள் ஆற்றைத் தாண்டிப் போயின. மண்ணாங்கட்டி வழிகாட்டியாக எங்களோடு வருவதாகச் சொன்னது. இடுப்பில் ஒரு கயிறாவது கட்ட வேண்டும் என்றேன். என் மனம் நோகக்கூடாது என்று அதற்கு ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறே அன்புக்கரசி அந்தக் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். என் வாள் பட்ட காயத்துக்கு மருந்தும் கட்டினாள். மற்றவர்கள் எல்லாரும் அதை "அவன்" என்றார்கள். நான் இலக்கணப்படி "அது" என்றேன். குகைகளில் மண்ணாங்கட்டி விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகும். நாங்கள் உடைக்க முடியாத ஒரு கதவை, உள்ளே இருந்த கிழட்டுக் காவல்காரனிடம் பேசிப் பேசியே திறக்க வைத்தது. அன்றைக்கு அன்புக்கரசி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது. என்னை அது "பெரிய சாமி" என்று கூப்பிடும். என் வாள் வெளியே வராமலேயே ஞாயிற்றுக்கிழமைகள் போய்க்கொண்டிருந்தன. இல்லாத பூதத்தின்மேல் இருக்கிற மனிதன் பொறாமைப்பட முடியுமா என்று கேட்பீர்கள். முடியும், தலையணையில் சாய்ந்துகொண்டே முடியும். ஆனால் நான் கொன்றது பொறாமையால் அல்ல. பாதுகாப்புக்காக. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

அன்று நாங்கள் மலைக்குகை ஒன்றில் இருந்தோம். டில்லிபாபுவுக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது, பால்கனிக்குப் போனார். உபைத் பால் வாங்கக் கீழே போயிருந்தார். அன்புக்கரசி டீ போட எழுந்து போனாள். மேஜையில் நானும் ரூபீனாவும்தான்.

வீரகேது வாளை உருவுகிறான் என்று சொன்னேன்.

எதிரே யாரும் இல்லையே என்றார் ரூபீனா.

மண்ணாங்கட்டி இருக்கிறது என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அவங்கள்லாம் வந்துடட்டுமே, மாறன் சார்."

என் வேஷம், என் முறை, யாருக்காகவும் காத்திருக்க வேண்டும் என்று விதி இல்லை என்றேன். விதி இல்லைதான். அவருக்கும் அது தெரியும்.

"அவன் கையில விளக்கு மட்டும்தான் இருக்கு."

தெரியும் என்றேன். பகடையை எடுத்தேன். ரூபீனா கையை நீட்டிப் பகடையை மூடினார். "இதுக்கு டைஸ் தேவையில்ல சார். அவன் ஓடப் போறதில்ல." பிறகு, என் மனத்தை மாற்றலாம் என்று நினைத்தாரோ என்னவோ, அந்தக் குரலில் மெதுவாகக் கேட்டார். "இன்னா பெரிய சாமி, வழி தெர்லியா? வெளிச்சத்த கிட்ட காட்டட்டா?"

குத்துகிறேன் என்றேன்.

விளக்கு அணைந்துவிட்டது என்றார். கதை நடத்துபவர் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

டில்லிபாபு உள்ளே வந்து, எங்கே விட்டோம் என்று கேட்டபடி உட்கார்ந்தார். ரூபீனா தன் தாள்களை அடுக்கத் தொடங்கினார். ஆகவே நானே சொன்னேன். அன்புக்கரசி டீத் தட்டோடு வந்து நின்றாள்.

"அவன் எதுனா பண்ணானாணா?" என்றார் டில்லிபாபு.

இல்லை என்றேன்.

"அப்புறம்?"

பண்ணக்கூடும் என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் வந்து நான் அதுவரை பார்த்ததில்லை. "நான் அந்தாண்ட போற வரிக்கும் பாத்துகினே இருந்துக்கிறல்ல?" என்றார். அண்ணா என்ற சொல் இல்லாமல். பிறகு இரண்டு கையாலும் மேஜையைத் தள்ளினார். என்னைத் தள்ளவில்லை, மேஜையைத்தான். ஆனால் மேஜை என்னைத் தள்ளியது. நாற்காலியோடு சாய்ந்தேன், மூக்குக்கண்ணாடி தெறித்து உடைந்தது. ஏழடி வீரகேது டாக்டர் வீட்டுத் தரையில் தலையணையைக் கட்டிக்கொண்டு கிடந்தான். டில்லிபாபு ஒரு நிமிஷம் திகைத்து நின்றார். குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

திரும்பும் வழியில் அன்புக்கரசிதான் வண்டி ஓட்டினாள். எனக்குக் கண் தெரியவில்லை. திருவான்மியூர் சிக்னலில் என் காரணங்களை மறுபடி வரிசையாகச் சொன்னேன். அவள் பச்சை விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் டில்லிபாபு மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். காலை நேரம். சந்தில் தள்ளுவண்டிக் காய்கறிக்காரர் நிற்க, அவரைச் சுற்றிக்கொண்டு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். என் மூக்குக்கண்ணாடி. உடைந்த சில்லைக் கடையில் காட்டி, அதே பவரில் புதிதாகப் போட்டுவந்திருந்தார். இப்போது நான் போட்டிருப்பது அதுதான். நன்றாகத் தெரிகிறது.

"கோவத்துல தள்ட்டேன்ணா. நீ செஞ்சது எனக்குப் புடிக்கல, அது வேற. ஆனா கை வெச்சது என் தப்பு. மன்னிச்சிக்க."

அவர் கைகள் இரண்டும் காலியாகத் தொங்கின. டப்பாவைத்தான் என்னிடம் கொடுத்துவிட்டாரே. நான் பரவாயில்லை என்றேன். கவனியுங்கள், மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்பது அலுவலகத்தில் எனக்குக் கைவந்த சொல், அதற்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. ஆனால் அவர் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. அன்புக்கரசி காபி கொடுத்தாள். குடித்துக்கொண்டே அடையாறு பள்ளிக்கூட விஷயத்தைப் பேசினார். அங்கே நிரந்தர விளையாட்டு ஆசிரியர் வேலை கிட்டத்தட்ட முடிவாகிவிட்டதாம். பள்ளிக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பார்க்கிறாராம். அம்மாவை ஊருக்கு உள்ளே கூட்டிவந்துவிடலாம் என்றார். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை ஜோதிலட்சுமி என் கல்லூரித் தோழி. டில்லிபாபுவை அவளிடம் அனுப்பியதும் நான்தான். நல்லதை யார் செய்தாலும் என்று முன்பே சொன்னேன்.

அடுத்த வாரம் ஜோதிலட்சுமி போன் செய்தாள். எல்லாருக்கும் அவரைப் பிடித்துவிட்டது, கடைசியாக உன் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் கூப்பிட்டேன் என்றாள். "பசங்களோட இருக்கப் போற ஆளு. கோபதாபம் எப்படி?"

எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. நான் யோசித்துத்தான் பேசினேன். திறமைசாலி, நேர்மையானவர், பிள்ளைகள்மேல் உயிர் என்று முதலில் சொன்னேன். பிறகு, சமீபத்தில் ஒரு வீட்டில், ஒரு விளையாட்டின் நடுவே, மேஜையைத் தள்ளி என்னை விழவைத்தார், என் கண்ணாடி உடைந்தது என்றேன். அவள் நம்பவில்லை. நீ மிகைப்படுத்துகிறாய், அவரைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்றாள்.

அவரே என் வீட்டுக்கு வந்து ஒப்புக்கொண்டார் என்றேன். தன் தப்புதான் என்று தன் வாயால் சொன்னார் என்றேன்.

அதற்குப் பிறகு ஜோதிலட்சுமி ஒன்றும் கேட்கவில்லை. எதற்காகத் தள்ளினார் என்று அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு மிக்சர் சாப்பிட்டேன்.

டில்லிபாபுவுக்கு வேலை இல்லை என்றாகிவிட்டது. அவர் என்னைச் சந்தேகிக்கவே இல்லை. அன்புக்கரசிக்குப் போன் செய்து, யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள்போல, அண்ணாவை ஒரு வார்த்தை பேசச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறார். சாயங்காலம் நான் அலுவலகத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் குளியலறை வாசலில் வந்து நின்றாள்.

"நீங்க சொன்னீங்களா?"

சொன்னேன் என்றேன். மறைக்க என்ன இருக்கிறது.

"அவர் வந்து மன்னிப்புக் கேட்டாரே."

அதனால்தான் உறுதியாகச் சொல்ல முடிந்தது என்று விளக்கினேன். இல்லையென்றால் என் வார்த்தைக்கு என்ன ஆதாரம்.

குழாயை மூடிவிட்டு வந்தேன்.

"அன்னிக்கு டாக்டர் வீட்ல, நான் சமையல்கட்டு வாசல்லதான் நின்னுட்டிருந்தேன்," என்றாள். "வெளிச்சம் காட்டட்டான்னு அவங்க அந்தக் குரல்ல கேட்டாங்க இல்ல, அப்போ உங்க முகத்தப் பார்த்தேன்."

முகத்தில் என்ன என்றேன்.

"சந்தோஷமா இருந்தீங்க. நான் அப்பவே உள்ள வந்து தடுத்திருக்கணும். வெறும் விளையாட்டுதானேன்னு தட்டுல டம்ளர அடுக்கிட்டிருந்தேன்."

கூர்ந்து யோசிக்கும்போது என் முகம் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் எப்போதும் விஷயத்தை விட்டு விலகிப் போவாள். ஆகவே விஷயத்துக்குக் கொண்டுவர, சில பழைய உதாரணங்களை எடுத்துச் சொன்னேன். கல்யாணமான புதிதில் கேஸ் அடுப்பை அணைக்காமல் கோயிலுக்கு வந்தது. என் அம்மாவின் திதியை மறந்தது. என் மேலதிகாரியின் மனைவியிடம் என் சம்பள உயர்வைப் பற்றி உளறியது. வெள்ளத்தின்போது என் சான்றிதழ்களைக் கீழ்த்தட்டில் வைத்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். எந்தக் கிழமை, எந்த அறையில் நின்று, என்ன சேலையில் கேட்டாள் என்பதுவரை எனக்கு நினைவிருக்கிறது. தப்பை ஒப்புக்கொள்கிறவர்கள் அந்தத் தப்பைச் செய்தவர்கள்தான், அதைத்தான் நான் எல்லா இடத்திலும் சொல்லிவருகிறேன், பாலத்தடியில் சொன்னதும் அதுதான் என்றேன்.

"நான் கேட்டது எல்லாத்தையுமா வெச்சிருக்கீங்க?" என்றாள். சத்தமாகக்கூட இல்லை. யாரோ தெரியாதவரிடம் வழி கேட்பதுபோல.

பிறகு ஜோதிலட்சுமியின் எண்ணை என் போனிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்ப் பேசினாள். வெகுநேரம் பேசினாள். டில்லிபாபுவை மறுபடி கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். என்ன ஆயிற்று என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ரூபீனா ஒரு செய்தி அனுப்பினார். கொஞ்ச நாளைக்கு நான் ஆட்டத்துக்கு வர வேண்டாம் என்று நாசூக்காக எழுதியிருந்தார். தன்னுடைய தவறும் இதில் இருக்கிறது, அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும், மன்னியுங்கள் என்று கடைசி வரி. அதை மட்டும் தனியே எடுத்துச் சேமித்து வைத்திருக்கிறேன். எப்போதாவது தேவைப்படும்.

அன்புக்கரசி மறுநாள் வேளச்சேரியில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். பெரிய பை. துவைத்துக் காய்ந்த துணியை மடித்து என்னுடையதைத் தனியாகவும் தன்னுடையதைத் தனியாகவும் வைத்தாள். நான் அவளைத் தடுக்கவில்லை, திட்டவில்லை. பையைக் கீழ்ப்படிவரை தூக்கிக்கொண்டு வந்தது நான்தான். முழங்கால் வலியோடு.

ஆட்டோ வந்து நின்றது. ஏறுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். இத்தனை வருஷத்தில் சண்டை எப்படித் தொடங்கினாலும் அவள் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் முடியும். இந்த முறை சொல்லவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு டிரைவரிடம் போகலாம் என்றாள்.

கேட்டிருந்தால் அந்த நிமிஷமே மன்னித்திருப்பேன். எதையும் மனசில் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது.